கஸ்பார் போடாத கையெழுத்து

என் புருஷன் கஸ்பார் வீட்டை விட்டுப் போய் இருபது மாதம் ஆகியிருந்தது. ஆனால் கையெழுத்து மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். ஏழு ஃபாரத்தில் ஏழு கையெழுத்து, ஒன்றுகூடத் தாமதமில்லை. கூட இருந்த காலத்தில் ஒரே ஒரு கையெழுத்துக்காக நான் ராயபுரம் வீட்டுக்கும் எண்ணூர் யார்டுக்கும் நடையாய் நடந்திருக்கிறேன். போன பிறகு மனுஷன் இத்தனை பொறுப்பாகிவிட்டார்.

போட்டது நான்தான். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. இரண்டாயிரத்து ஆறு கடைசியில், அரசாங்கத்துக்கு அனுப்புகிற கம்பெனிக் காகிதங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன. டைரக்டர் என்று பெயர் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் விரல் நீளத்தில் ஒரு டோக்கன். அதைக் கம்ப்யூட்டரில் செருகி பாஸ்வேர்டு அடித்தால், ஃபாரத்தின் அடியில் இருக்கும் கட்டத்தில் அவர் பெயர், தேதி, மணி எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுதான் கையெழுத்து. சொந்தக்காரர் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்பது சட்டம். எங்கள் பக்கத்து நடைமுறை வேறு. டோல்கேட்டில் ஆடிட்டர் லோகநாதன் ஆபீசில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா இருக்கும். அதற்குள் அறுபது எழுபது டோக்கன். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் பாஸ்வேர்டு. சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம் பண்ணுகிற டைரக்டர்கள் தங்கள் டோக்கனைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் சௌக்கத் அலிதான் அத்தனை பேருக்கும் கை.

கஸ்பார் போன அடுத்த மாதம் நான் டோல்கேட்டுக்குப் போய் அவருடைய டோக்கனை மட்டும் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் மேசை டிராயரில் வைத்திருந்தேன். மத்தியானம் யார்டில் வெல்டிங் சத்தம் நின்று எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் சில நாள் அதை எடுத்துச் செருகுவேன். சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு எரியும். 'கஸ்பார் அந்தோணி' என்று திரையில் பெயர் வந்து பாஸ்வேர்டு கேட்கும். நான் ஒன்றும் அடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உருவி எடுத்து வைத்துவிடுவேன். பைத்தியம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் எனக்கு அவரை விட்டால் வேறு யார் பெயரைப் பார்க்க இருக்கிறது.

அவர் ஏன் போனார் என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரிதான் ஊரில் பேசிக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது கண்டெய்னர் ரிப்பேர் கம்பெனி. கப்பலில் வரும் பெட்டிகளில் ஒடுக்கு எடுத்து, ஓட்டை அடைத்து, பெயின்ட் அடித்துக் கொடுக்கிற வேலை. டைரக்டர்கள் இரண்டு பேர், அவரும் நானும். இரண்டாயிரத்து ஏழு ஜனவரியில் லட்சுமணன் என்ற வெல்டர், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்த பெட்டியின் உச்சியிலிருந்து விழுந்து செத்துப்போனான். இடுப்பில் கட்டுகிற சேஃப்டி பெல்ட் இல்லை. யார்டில் இருந்ததே இரண்டு பெல்ட். ஒன்று அறுந்துபோய் மூன்று மாதம். புதிது வாங்க வேண்டும் என்று கஸ்பார் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். விசாரணைக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீசில் கடிதம் கேட்டார்கள். நான் டைப் அடித்தேன். பெல்ட் கொடுத்தோம், லட்சுமணன்தான் கட்ட மாட்டேன் என்றான் என்று அடித்தேன். கஸ்பார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துப் போடுய்யா. மீதிய நான் பாத்துக்கிறேன்" என்றேன். பேசும்போது எங்களுக்குள் நீ, வா, போதான். எழுதும்போதுதான் இந்த அவர், இவர் எல்லாம்.

போட்டார். அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. என்னிடம் சண்டையும் போடவில்லை, அது ஒன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிப்ரவரியில் ஒரு காலை யார்டுக்குக் கிளம்பினவர் யார்டுக்குப் போய்ச் சேரவில்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தேன். வேளாங்கண்ணிக்குப் போனேன். தூத்துக்குடியில் தெரிந்த யார்டுகளில் எல்லாம் விசாரித்தேன். பம்பாய்க்கு ரயில் ஏறிப்போய் நாலு நாள் துறைமுக வாசலில் நின்றேன். அவருக்கு ஒரு ஈமெயில் இருந்தது. நாற்பத்தோரு மெயில் எழுதினேன், எண்ணி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வா, உடம்பு எப்படி இருக்கிறது, எங்கே சாப்பிடுகிறாய், வா. ஒன்றுக்கும் பதில் இல்லை. இரண்டாவது வருஷத்தில் சனங்கள் அவரைப் பற்றிப் பேசும்போது 'இருந்தாரு' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாயிரத்து எட்டு அக்டோபரில் அவர் தம்பி ஜெரால்ட் கோயிலிலிருந்து ஒரு கவர் கொண்டு வந்து கொடுத்தான். நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்கள் பூசை. வீட்டில் செத்துப்போனவர்கள் பெயரை எழுதிப் போடுகிற கவர். "அண்ணன் பேரையும் எழுதிடு அண்ணி. எத்தினி நாளு இப்டியே கீறது" என்றான். கவரை வாங்கி டிராயரில் டோக்கனுக்குப் பக்கத்தில் வைத்தேன். எழுதவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

அந்த வருஷக் கணக்கு ஃபாரத்தை அக்டோபர் முப்பதுக்குள் அனுப்பியாக வேண்டும். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன். என் கையெழுத்து ஒழுங்காக விழுந்தது. அவருடையதும் விழுந்தது, ஆனால் பச்சை டிக்குக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி. சௌக்கத் அலிக்கு போன் போட்டேன். மழையில் நனைந்துகொண்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்தான்.

"நீ ஒண்ணும் பேஜாராவாதக்கா. கையெழுத்து வுயலன்னா நாலு காரணந்தான்" என்று சொல்லிக்கொண்டே சட்டையைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்தான்.

முதலில் கம்ப்யூட்டரின் தேதியைப் பார்த்தான். உள்ளே இருக்கும் பேட்டரி செத்துப்போய் அது இரண்டாயிரத்து இரண்டு ஜனவரி ஒன்று என்று காட்டிக்கொண்டிருந்தது. "பாத்தியா, இது கணக்குல மாமாவோட டோக்கனே இன்னும் பொறக்கல" என்று தேதியைத் திருத்தினான். பிறகு ஃபாரம் திறக்கும் ரீடரைப் பார்த்தான். பழசு என்று தூக்கிவிட்டுப் புதுசு போட்டான். பிறகு டோக்கனின் டிரைவர். பிறகு, இந்தக் கையெழுத்தைக் கொடுத்த கம்பெனியை நம்பலாம் என்று ரீடருக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒரு வேலை. அது முடிந்ததும் கேள்விக்குறி போய்ப் பச்சை டிக் வந்தது. டீ சொன்னேன். டீ வருவதற்குள் அவன் ஃபாரத்தை இணையத்தில் ஏற்றினான். ஏற்றியதும் சிவப்பில் இரண்டு வரி வந்தது. சௌக்கத் அதை வாய்க்குள் படித்தான். படித்துவிட்டு இன்னொரு முறை ஏற்றினான். அதே இரண்டு வரி.

"இன்னாடா?"

"இந்தக் கையெழுத்து இவர்து இல்லன்னுதுக்கா."

"அவரோடதுதானே. நீதானே வாங்கிக் குடுத்த."

"அத்தான் எனக்கும் புரியல. டோக்கனுக்கு டிசம்பர் வரிக்கும் உயிர் கீது. டைரக்டர் நம்பரும் கரிக்டா கீது." அவன் தலையைச் சொறிந்துகொண்டு செல்லை எடுத்தான். ஃபாரம் வாங்குகிற அரசாங்க ஆபீசின் உதவி மையத்தில் அவனுக்கு ஒரு தோஸ்து இருந்தான். வெளியே போய்ப் பேசினான். தகரக் கூரையில் மழை கொட்டியதால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் முகம் வேறாக இருந்தது. உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்.

"அக்கா, ஒரு டைரக்டருக்கு ஒரு கையெழுத்துதான் செல்லும். புதுசு பதிஞ்சா பழசு செத்துடும். மாமா பேருக்குப் புதுசு பதிஞ்சிகீது. ஆகஸ்ட் மாசம்."

"யாரு பதிஞ்சது?"

"வேற யாரும் பதிய முடியாதுக்கா. போட்டோ, அட்ரஸ் ப்ரூஃப் எல்லாம் குடுத்து, அவரே நேர்ல கையெழுத்துப் போட்டாத்தான் புது டோக்கன் தருவாங்க."

இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். டீக்கடை ஆள் வந்து கிளாசை வைத்துவிட்டுப் போனான். ஆகஸ்ட் மாதம் அவர் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்திருக்கிறார், தலை வாரியிருப்பார், ஒரு ஃபாரத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் ஆகஸ்டில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கே ஜெரால்டைக் கூப்பிட்டு அந்தக் கவரைக் கையில் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டான். உங்க அண்ணன் கீறாரு, அவ்ளோதான் தெரியும் என்றேன்.

எங்கே இருக்கிறார் என்பதை யாரும் சொல்ல முடியவில்லை. சௌக்கத்தின் தோஸ்து அதற்கு மேல் சொன்னால் வேலை போய்விடும் என்றானாம். நியாயந்தான். இனி அவர் போட்டால்தான் ஃபாரம் போகும். "ரெண்டு டைரக்டரு ரெண்டு ஊர்ல இருந்தா ஃபாரத்த மெயில்ல அனுப்பி வாங்குவாங்கக்கா. நீ மொதல்ல போட்டு அனுப்பு. அவரு அவர் டோக்கன்ல போட்டுத் திருப்பி அனுப்பட்டும்" என்றான் சௌக்கத்.

நாற்பத்தோரு மெயிலுக்குப் பதில் போடாதவருக்கு நாற்பத்திரண்டாவதாக ஃபாரத்தை அனுப்பினேன். இந்தத் தடவை வா என்று எழுதவில்லை. 'கையெழுத்து தேவை. முப்பதாம் தேதி கடைசி நாள்' என்று மட்டும் எழுதினேன். அது சனிக்கிழமை. ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து மெயிலைப் பார்த்தேன். திங்கள் தீபாவளி, வெடிப் புகையெல்லாம் உள்ளே வர, ஆபீஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மெயிலைப் பார்த்தேன். ஒரு நாளில் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கும். ஆபீசில்தான் இணையம் இருந்தது என்பதால் தீபாவளி அன்றைக்கும் இரண்டு தடவை எண்ணூருக்குப் பஸ் ஏறினேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வந்திருந்தது. மெயிலில் ஒரு எழுத்துகூட இல்லை. ஃபாரம் மட்டும். கடைசிப் பக்கத்துக்குப் போனேன். என் பெயருக்குக் கீழே அவர் பெயர், பச்சை டிக், காலை ஒன்பது பதினாலு. இது நான் போடாத கையெழுத்து. இருபது மாதத்தில் முதல் தடவையாக ஒரு கஸ்பார் கையெழுத்து, கஸ்பார் போட்டது. ஒன்பது பதினாலுக்கு நான் பஸ்ஸில் இருந்தேன். அந்த நிமிஷத்தில் அவர் எங்கேயோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, என் பெயரைப் பார்த்து, அதற்குக் கீழே கை வைத்திருக்கிறார். கையெழுத்தின் மேல் அமுக்கினால் அவர் விவரம் தெரியும் என்று சௌக்கத் சொல்லியிருந்தான். அமுக்கினேன். மாநிலம் தமிழ்நாடு என்று போட்டிருந்தது. அத்தனை பெரிய தமிழ்நாட்டில் நான் எங்கே போய்த் தேடுவது.

ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. மவுஸில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. இதை ஏற்றிவிட்டால் அடுத்த செப்டம்பர் வரை அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு காரியமும் இல்லை.

ஃபாரத்தில் மாடிஃபை என்று ஒரு பட்டன் உண்டு. கையெழுத்துப் போட்ட பிறகு ஏதாவது தப்பு தெரிந்தால் அதை அமுக்கித் திருத்தலாம். ஆனால் அமுக்கினதும் போட்ட கையெழுத்தெல்லாம் அழிந்துவிடும். எல்லோரும் மறுபடி போட வேண்டும். சௌக்கத் அந்தப் பட்டனைத் தொடவே கூடாது என்று எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அமுக்கினேன். அவர் பெயர் போய்விட்டது. கம்பெனியின் வருஷாந்திரப் பொதுக்கூட்டம் நடந்த தேதி செப்டம்பர் முப்பது என்று இருந்ததை இருபத்தொன்பது என்று மாற்றி, என் கையெழுத்தைப் போட்டு, 'திருத்தம். மறுபடி கையெழுத்து தேவை' என்று அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே வந்துவிட்டது. நாலு ஐம்பத்திரண்டு. மெயில் காலி. முழுசாகப் படித்துவிட்டுத்தான் போட்டிருப்பார், அவர் எதையும் படிக்காமல் போடுகிற ஆள் இல்லை. தேதி தப்பு என்று தெரிந்தே போட்டாரா என்று யோசித்து யோசித்து அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை சௌக்கத் வந்தான். ஃபாரத்தைப் பார்த்ததும் "இன்னும் ஏத்தலியா? கையெழுத்து சோக்கா வுயுந்துகீதே" என்றான். அப்புறம் தேதியைப் பார்த்தான். நேற்றுக் காலை வந்த ஃபாரத்தையும் திறந்து பார்த்தான்.

"அக்கா, நீயா அமுக்கினே?"

"ஆமா."

"இது இன்னா வெளாட்டா? நாளைக்கு லாஸ்ட் டேட்டு. ஆடிட்டர் என்னத்தான் கேப்பாரு."

"இத்த ஏத்திட்டா அப்பால அவருக்கு எனக்கு இன்னாடா வேல கீது? சொல்லு. நீ சொல்லிட்டா நான் இப்பவே ஏத்தறேன்."

அவன் டோக்கனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது, பெண்டாட்டி ரஹீமுன்னிசா பிரசவத்துக்கு ஆம்பூர் போயிருந்தாள். "சரி, இன்னொரு தபா அமுக்கிக்கோ. எப்டியும் தேதிய கரிக்ட் பண்ணணும்" என்றான். "நாளைக்கி மத்தியானத்துக்கு மேல என்னால தாங்காது, சொல்ட்டேன்."

தேதியை முப்பது என்று சரியாக்கினேன். சரியாக்கினாலும் கையெழுத்து அழியத்தான் செய்யும். 'மறுபடி திருத்தம்' என்று எழுதி அனுப்பினேன். அன்றைக்கு வரவில்லை. வியாழன் காலை பத்து மணிக்கும் வரவில்லை. மூன்றாவது தடவை என்றதும் மனுஷனுக்குச் சலிப்பு தட்டிவிட்டது, கிடைத்த ஒரு நூலையும் நானே அறுத்துக்கொண்டேன் என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பதினோரு மணிக்கு வந்தது.

திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அவர் கையெழுத்து இல்லை. என் கையெழுத்தும் இல்லை. இரண்டு கட்டமும் காலி. சௌக்கத் எட்டிப் பார்த்துவிட்டு, "அவரும் அமுக்கிகிறாருக்கா" என்றான். எதை மாற்றினார் என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடினோம். தேதி சரி, விலாசம் சரி. முதல் பக்கத்தில் கம்பெனி போன் நம்பர் இருக்கும் இடத்தில் எங்கள் நம்பர் இல்லை. யாருடையதோ ஒரு செல் நம்பர் இருந்தது.

சௌக்கத் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினான். நான் போட்டேன். இரண்டு ரிங் போனதும் போனை எடுத்துவிட்டார்.

"சொல்லு" என்றார்.

சொல்ல எத்தனையோ வைத்திருந்தேன். "ஃபாரத்துல தப்பு கீது" என்றேன்.

"தெரியும். நீ பண்ண தப்புதான். நானும் ரெண்டு தபா பாத்துகினுதான் இருந்தேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழட்டும் என்று விட்டுவிட்டார். கொஞ்சம் அடங்கினதும், எங்கய்யா இருக்கே என்றேன்.

"புழல்ல. லாரி பாடி கட்ற எடத்துல."

"புழல்லயா? பம்பாய் வரிக்கும் போய்த் தேடினேன்யா."

"மெயில்ல எய்தியிருந்தே. படிச்சேன்."

"எல்லாமா?"

"நாப்பத்தொண்ணும்."

"அப்ப ஒரு வார்த்த திருப்பி எய்தினா இன்னாய்யா?"

பின்னால் யாரோ தகடு அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். ஜூலையில் ஒரு நாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கம்பெனி நடக்கிறதா, மூடிவிட்டேனா என்று பார்த்தாராம். பார்த்தால் வரிசையாக ஏழு ஃபாரத்தில் இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "நான் எந்தக் கையெழுத்துக்காவ வூட்ட வுட்டு வந்தனோ, அத்தியே நீ என் பேர்ல போட்டுகினு கீறே. அத்த நிறுத்தத்தான் புதுசு வாங்கினேன்."

"நீ இல்லாத வூட்ல உன் பேராவது இருக்கட்டும்னுதான்யா போட்டேன். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

"சரி. அப்ப ஒண்ணு கேக்கறேன். நாப்பத்தோரு மெயில்ல லட்சுமணன் பேரு ஒரு எடத்துலகூட இல்லியே, ஆலிஸ்?"

எண்ணி வைத்திருந்தேன் என்று சொன்னேனே, எண்ணிக்கை ஒன்றுதான் தெரிந்திருந்தது. வீட்டைப் பற்றி எழுதினேன், உடம்பைப் பற்றி எழுதினேன், அவர் இல்லாமல் நான் படுகிற பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதாமல் விட்டது அந்த ஒரு பெயரைத்தான்.

"நான் அடிச்ச லெட்டர்தான்யா அது. நீ சொமக்கறே" என்றேன். "நாளைக்கே போலாம். பெல்ட்டு குடுக்கலன்னு எய்திக் குடுக்கலாம். அவன் மேல தப்பு இல்லன்னு."

"கேஸு திரும்பும். யார்ட மூடச் சொன்னாலும் சொல்லுவாங்க."

"தெரியும்."

"நீ போடுவியா?"

"மொதல்ல நான் போடறேன். கீய நீ போடு."

"காலைல பத்து மணிக்கு வரேன்" என்று வைத்துவிட்டார். போன் நம்பரைத் திருத்தி, என் கையெழுத்தைப் போட்டு ஃபாரத்தை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவர் கையெழுத்தும் விழுந்து வந்தது, இரண்டு கையெழுத்தோடும் சௌக்கத் அதை ஏற்றினான். செல்லும் என்றது. அவன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அந்தப் பழைய டோக்கனை என்ன செய்ய என்று கேட்டான். எடுத்துப்போய் உடைத்துப் போடச் சொன்னேன்.

மறுநாள் திருவொற்றியூரில் இன்ஸ்பெக்டர் ஆபீஸ் படிக்கட்டில் நான் ஒன்பது மணிக்கே போய் நின்றுவிட்டேன். பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். இளைத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது, சட்டை நான் பார்க்காத சட்டை. யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவர் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி நின்றபடியே முழுசாகப் படித்தார். உள்ளே இருந்த கிளார்க்கும் படித்தார். "இது உங்களுக்கேதான் ஆப்பு. தெரியுமா?" என்றார். தெரியும் என்றோம் இரண்டு பேரும். முதலில் நான் போட்டேன். பேனாவை அவரிடம் கொடுத்தேன். அவர் விரலில் வெல்டிங் தழும்பு புதிதாக இரண்டு இருந்தது.

அங்கிருந்து சாத்தாங்காட்டில் லட்சுமணன் மனைவி கெங்கம்மா வீட்டுக்குப் போனோம். வாசலில் நிற்க வைத்தே கேட்டாள். கஸ்பார் சொல்ல ஆரம்பித்தார், நான் குறுக்கிட்டு, டைப் அடித்தது நான் என்று முழுசும் சொன்னேன். அவள் எங்களைத் திட்டவில்லை, உள்ளே வரச் சொல்லவும் இல்லை. "இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா எம்புள்ளைங்க அப்பன் பேரு கெட்டிருக்காது" என்றாள். ஆமாம் என்றேன்.

பஸ் ஸ்டாப்பில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இன்னும் எத்தனை நாள் யார்டு ஓடும், கேஸ் எப்படிப் போகும், ஒன்றையும் பேசவில்லை. வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்க எனக்கு வாய் எழவில்லை. காரியம் இருந்தது, வந்தார், காரியம் முடிந்தது. புழலுக்குப் போகிறவர் டோல்கேட்டில் இறங்கி வேறு பஸ் பிடிக்கலாம். நான் அதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

பிராட்வே பஸ் கூட்டமாக வந்தது. நான் முன்வாசலில் ஏறினேன், அவர் பின்வாசலில். கண்டக்டர் பின்னால் தன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு டிக்கெட் டிக்கெட் என்று கத்திக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பின்னாலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. காலடிப்பேட்டை ஒன்று, டோல்கேட் மூணு, பிராட்வே ஒன்று, டோல்கேட் ஒன்று. அந்த டோல்கேட் ஒன்று யாருடைய குரல் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ராயபுரம் ரெண்டு குடு நைனா" என்றது அவர் குரல்.